நேரில் கேட்க வேண்டிய கேதம்

என் பெயர் மகாராணி. சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். போடிமெட்டுக்கு மேலே மூன்று ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம், மழைக்கு ஒழுகுகிற ஒரு தகர ஷெட், தள்ளிவிட்டால் ஓடுகிற ஒரு ஜீப்பு, இவ்வளவுதான் எங்கள் சாம்ராஜ்யம். கணவர் சுருளிவேல் ஜீப்பு ஓட்டுவார். நான் காய் எடுக்கும் பெண்களோடு செடிக்கடியில் குனிந்து கிடப்பேன். மகள் ரோஜா கீழே போடியில் என் அம்மா வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் போகிறாள். காய் எடுப்பு நடக்கிற மாதங்களில் நாங்கள் இருவரும் மலையில்தான்.

இருபத்தெட்டு வயதில் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். தொலைநிலைக் கல்வி. பெரிய லட்சியம் ஒன்றும் இல்லை. என் பன்னிரண்டாம் வகுப்புச் சர்டிபிகேட்டை அம்மா பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்திருந்தாள். சேலையையும் நான் கட்டவில்லை, சர்டிபிகேட்டையும் யாரும் கேட்கவில்லை. ஒருநாள் பீரோவைத் திறந்தபோது எரிச்சல் வந்தது, போய்ச் சேர்ந்துவிட்டேன்.

சனி, ஞாயிறு காலை பதினொரு மணிக்குப் போனில் வகுப்பு. மொத்தம் நாற்பத்து மூன்று பேர். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. எல்லாரும் கேமராவை அணைத்துவிட்டு வட்டத்துக்குள் ஒரு எழுத்தாக உட்கார்ந்திருப்பார்கள். பாடம் நடத்துகிற ஐயா, “எல்லாருக்கும் கேக்குதா?” என்பார். பதில் வராது. “சரி” என்று அவரே சொல்லிக்கொண்டு தொடர்வார். அவரைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

எங்கள் ஷெட்டில் சிக்னல் கிடையாது. கிடைத்தாலும் அது கேரளா டவர், வரவேற்புச் செய்தி அனுப்புவதோடு சரி. தோட்டத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு பாறை உண்டு. அதன் மேல் ஏறினால் கீழே போடி ஊர் முழுக்கத் தெரியும், போடி டவரும் எட்டும். நான் புத்தகத்தோடு ஏறுவதைப் பார்த்துவிட்டுக் காய் எடுக்கிற பெண்கள் அதற்கு ‘காலேஜுப் பாறை’ என்று பேர் வைத்துவிட்டார்கள்.

மூன்றாவது வாரம் வகுப்புக்கு நடுவில் ஒரு கூத்து நடந்தது. மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது, கீழே சாக்குகள் திறந்து கிடந்தன, இவர் பீடி பற்ற வைத்துக்கொண்டு நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“யோவ், அந்த லோடை ஏத்துறியா இல்லையா? காய் நனைஞ்சுச்சு, ஒன்னையத்தான் ஸ்டோர்ல போட்டு ஒணத்துவேன்!” என்று கத்தினேன். ஸ்டோர் என்பது நாங்கள் காயைச் சூடு போட்டு உலர்த்துகிற அறை.

போனில் ஐயா, “மகாராணி, மைக்கை அணைச்சிடுங்கம்மா” என்றார். வகுப்பின் வாட்ஸப் குழுவில் சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. வெட்கத்தில் போனைப் பாறைக்குக் கீழே எறிந்துவிடலாமா என்றிருந்தது. அப்போதுதான் தனியாக ஒரு செய்தி வந்தது. கார்த்திகா என்று பெயர் இருந்தது.

‘அவரை ஒணத்தியாச்சா?’

‘இன்னும் ஈரமாத்தான் இருக்காரு’ என்று பதில் போட்டேன். அன்றையிலிருந்து நாங்கள் சேர்ந்துகொண்டோம்.

கார்த்திகாவுக்குக் காட்பாடி. என்னைவிட ஒரு வயது சின்னவள், கல்யாணம் ஆகவில்லை. அப்பா இல்லை. அண்ணன் ஓசூரில் கம்பெனி வேலை, மாதம் ஒருமுறை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பார்த்துக்கொண்டிருந்த ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு மணி நேரம் உட்காருவதையே வேலையாக வைத்துக்கொண்டிருந்தாள். சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்றுதான் படிக்கச் சேர்ந்ததாகச் சொன்னாள்.

அங்கே விளக்கு மங்கல், எழுத்து தெரியாது. “நீ படிச்சு அனுப்பு. நான் கேட்டுக்கிறேன்” என்றாள். நான் சாயங்காலம் வேலை முடிந்ததும் பாறையில் ஏறி, பத்துப் பக்கம் படித்து வாய்ஸ் நோட்டாக அனுப்புவேன். அவள் அதை அம்மாவுக்கும் போட்டுக் காட்டுவாள். அவளிடமிருந்து பதில் வரும்போது பின்னால் அந்த அம்மாவின் குரலும் வரும். “போடிப் பொண்ணு இன்னிக்கு மூச்சு வாங்குறா, உக்காந்து படிக்கச் சொல்லு.” இன்னொரு நாள், “அந்த ராஜாவுக்கு எத்தனை பொண்டாட்டின்னு போடவே இல்லியே புக்குல?” நான் பாறையில் தனியாக உட்கார்ந்து சிரிப்பேன். உங்கள் ஊர் ஏலக்காய்க்கு வாசனை ஜாஸ்தியாமே என்று அந்த அம்மா ஒருதரம் கேட்டார். அன்றைக்கே முதல் தரக் காயாகப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு மூடி வைத்தேன். பரீட்சை முடிந்ததும் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதாகத் திட்டம்.

வீட்டுப்பாடம் எல்லாம் கார்த்திகா பார்த்துக்கொள்வாள். அழகான கையெழுத்து. எழுதிப் போட்டோ அனுப்புவாள், நான் பார்த்து எழுதுவேன். அவள் இல்லையென்றால் இரண்டாவது வீட்டுப்பாடத்திலேயே நான் மூட்டை கட்டியிருப்பேன். ‘சாப்ட்டியா’ என்று கேட்க எனக்கு வீட்டில் ஆள் உண்டு. ‘படிச்சியா’ என்று கேட்க அவள் ஒருத்திதான். ஒரு வருஷமும் நாலு மாதமும் அப்படி ஓடியது. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்ததில்லை. பாறைச் சிக்னலுக்கு வீடியோ கால் வராது, போட்டோவில் வந்ததெல்லாம் வீட்டுப்பாடம்தான்; மற்றபடி குரல்தான்.

புரட்டாசியில் ஒரு புதன்கிழமை மதியம் பாறையில் ஏறிப் போனைத் திறந்தேன். காலை ஆறு பத்துக்கு வந்த செய்தி கிடந்தது.

‘மகாராணி, அம்மா போயிட்டாங்க.’

அவ்வளவுதான். அதற்குக் கீழே, நான் எடுக்காத இரண்டு அழைப்புகள்.

வகுப்புக் குழுவைத் திறந்தேன். அங்கேயும் செய்தி போய்விட்டது. ரிப், ரிப், ரிப் என்று ஒரே மூன்று இங்கிலீஷ் எழுத்தாக வந்துகொண்டிருந்தது. சாவுக்கு அவ்வளவுதான் எழுத்து. ஒருத்தி அழுகிற பொம்மை மூன்று போட்டிருந்தாள். ஒருத்தன் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று தட்டிவிட்டு, அடுத்த வரியிலேயே ‘மூன்றாம் பாடம் நோட்ஸ் யாரிடமாவது இருக்கா நண்பர்களே’ என்று கேட்டிருந்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் இந்தக் கூட்டத்தில் ஒருத்தி இல்லை, கார்த்திகாவுக்கு நான் அப்படிச் செய்ய மாட்டேன் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

எங்கள் பக்கம் சாவைக் கேதம் என்போம். பிரேதத்தை எடுப்பதற்குள் போய்ச் சேர முடியாதவர்கள் பிறகு நேரில் போய்க் கேதம் கேட்க வேண்டும். பெண்கள் வாசலிலேயே கட்டிப்பிடித்து அழ வேண்டும். அதற்கப்புறம்தான் மற்றப் பேச்சு. கேதம் கேட்காதவரை அந்த வீட்டு ஆளை வழியில் கண்டால்கூட வாயைத் திறக்க மாட்டோம், ஒதுங்கிப் போவோம். கோபத்தில் இல்லை. கேட்காத துக்கத்தை வைத்துக்கொண்டு வேறு பேச்சுப் பேசுவது அவமரியாதை.

என் அப்பா இறந்தபோது அம்மாவின் கூடப்பிறந்த ராஜாராம் மாமா லாரியோடு குஜராத்தில் இருந்தார். அங்கிருந்து போனில் கேதம் கேட்டார். அம்மா போனைத் தூக்கிக் குப்பைக்குழியில் எறிந்தாள். மூன்று வாரம் கழித்து மாமா நேரில் வந்து வாசலில் நின்றபோது, “போன்ல அழுது முடிச்சவனுக்கு இங்க என்னடா சோலி?” என்று கதவைச் சாத்திவிட்டாள். பதினொரு வருஷம் ஆகிறது. இன்றுவரை பேச்சில்லை. அந்தக் கதவுக்கு உள்பக்கம் நின்று பார்த்தவள் நான்.

அதனால் கார்த்திகாவிடம் நேரில்தான் போவேன். அதுவரை ஒரு எழுத்தும் தட்டக் கூடாது. இந்த முடிவோடு பாறையை விட்டு இறங்கப் போகும்போது போன் அடித்தது. திரையில் அவள் பெயர். எடுத்து என்ன சொல்வது? ‘ஹலோ’ என்றா? போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அது அடித்து முடியும்வரை நானும் அழுதேன். என் அழுகை அவளுக்குக் கேட்டிருக்காது, மணி அடித்தது மட்டும்தான் கேட்டிருக்கும். இது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

சுருளிவேல்தான் சொன்னார். “ஒரு வார்த்தை பேசிரு புள்ள. அதுவும் ஒத்தையா கெடக்கு.”

“போன்ல கேதம் கேக்கச் சொல்றியா? எங்காத்தா காதுக்குப் போச்சு, ஒன்னையும் சேத்து வாசல்ல நிப்பாட்டும்” என்றேன். நல்ல யோசனை சொல்கிற நேரத்தில் அவர் பேச்சை நான் கேட்டதாக வரலாறு இல்லை.

வியாழக்கிழமை போயிருக்கலாம். ஈரக்காய் நாலு சாக்கு ஸ்டோரில் கிடந்தது, விட்டால் நிறம் போய்விடும் என்று நின்றேன். வெள்ளிக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் எங்கள் வீட்டில் கேதம் கேட்கப் போவதில்லை. சனிக்கிழமை விடியக் கிளம்பலாம் என்று சேலையை மடித்து வைத்தேன். அன்றைக்கு மழை பிடித்தது. பதினோராவது வளைவில் மலை சரிந்து, பாறையும் மரமுமாக ரோட்டில் விழுந்தது. போடிக்குப் போக ரோடு இல்லை. சுற்றிக்கொண்டு போக வேறு வழி உண்டு. ஒரு பகல் பிடிக்கும், மழையில் ஜீப்பை நம்ப முடியாது. போக முடியாது என்று சொல்ல மாட்டேன். நான் போகவில்லை.

போன் மட்டும் வந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள், ‘இருக்கியா?’ என்று வந்தது. ஐந்தாம் நாள் கொஞ்சம் நீளமாக வந்தது.

‘எல்லாரும் போயிட்டாங்க. அண்ணனும் லீவு இல்லைன்னு போயிட்டான், பதினாறுக்குதான் வருவான். வீட்ல சத்தமே இல்லை. எதையாவது படிச்சு அனுப்பு. மூணாம் பாடம் பாதியில நிக்குது.’

நான் படித்ததும் இரண்டு டிக்கும் நீலமாயின. நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு நாயக்கர் காலத்துக் கண்மாய்ப் பாசனத்தைப் படித்துக்காட்டுவதா? இவள் துக்கத்தில் என்ன கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்கிறாள், நாமும் அறிவுகெட்டுச் செய்யலாமா என்று நினைத்தேன். மனசு கேட்காமல் ஒருதரம் மைக்கை அழுத்தினேன். “கார்த்திகா” என்று சொல்வதற்குள் ஒப்பாரி தொண்டைக்கு வந்துவிட்டது. விரலை இழுத்து அழித்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள், ‘நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா?’ என்று வந்தது. அதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்னும் நாலு நாள், இன்னும் நாலு நாள், நேரில் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் ஒரு கேள்விக்குறி மட்டும் வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, வராதது எனக்கு அப்போது நிம்மதியாகவும் இருந்தது. பதினாறாம் நாள் காரியத்தில் அலைகிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ரோடு சரியானது. உடனே தீபாவளி வந்தது. பண்டிகை நாளில் துக்க வீட்டுக்குப் போவார்களா? அது கழிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போடியில் ரயில் ஏறினேன். நிறம் மங்கின சேலை, தலையில் பூ இல்லை. ஏலக்காய் டப்பாவை எடுத்து, திரும்ப அலமாரியிலேயே வைத்தேன். கேதம் கேட்கப் போகிறவள் கையில் பொருள் கொண்டுபோகக் கூடாது. எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்தேன்.

திங்கட்கிழமை காலை காட்பாடியில் இறங்கினேன். வீட்டுப்பாடப் போட்டோக்களில் உறைமேல் அவள் எழுதியிருக்கிற விலாசம் எனக்கு மனப்பாடம். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்து, பச்சை கேட் போட்ட சின்ன வீடு. வாசலில் ஒல்லியாக ஒரு பெண் அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். நான் நினைத்து வைத்திருந்த கார்த்திகாவைவிட ரொம்பச் சின்னதாக இருந்தாள். வேறு யாராகவும் இருக்க முடியாது.

ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். இருபத்தேழு நாள் அடக்கி வைத்த அழுகை. “ஏ ஆத்தா, ஒன்னைய இப்பிடி ஒத்தையில விட்டுட்டுப் போயிட்டாகளே! நான் இருந்தும் ஒனக்கு ஆகாமப் போயிட்டேனே!” என்று தெரு கேட்க அழுதேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. கார்த்திகா அழவில்லை. கை இரண்டையும் தொங்கப் போட்டுக்கொண்டு கம்பம் மாதிரி நின்றாள்.

“நீங்க... மகாராணியா?” என்றாள்.

“நான்தாண்டி.”

“முகம் தெரியல. குரலை வச்சுதான் தெரிஞ்சுது. உள்ள வாங்க.”

ஒரு வருஷமும் நாலு மாதமும் ‘நீ’ என்று பேசினவள் ‘வாங்க’ என்றாள். உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன். சுவரில் அம்மா படம், மாலை காய்ந்து தொங்கியது. எதிரில் மூட்டைகளும் பெட்டிகளுமாகக் கிடந்தன. தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் என் பக்கத்தைச் சொல்ல ஆரம்பித்தேன்.

“ரோடு அடைஞ்சு போச்சுடி. மலை சரிஞ்சிருச்சு.”

“சரி.”

“அப்பறம் தீவாளி வந்துருச்சு. அன்னைக்கு வரக் கூடாதுல்ல.”

“சரி.”

“போன்ல கேக்கக் கூடாதுன்னு இருந்தேன் கார்த்திகா. எங்க பக்கம் அது மருவாதி இல்ல. வேண்டாதவுகதான் போன்ல கேப்பாக. நீ எனக்கு அம்புட்டு வேண்டியவ. அதான் வாயே தொறக்கல.”

அவள் என்னையே பார்த்தாள். கோபம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தேடினேன். இல்லை.

“நேர்ல வந்து அழுதவங்க நூறு பேர் இருந்தாங்க. இந்தத் தெருவே வந்துச்சு. அஞ்சாம் நாள் எல்லாரும் போயிட்டாங்க. அதுக்கப்புறம் எனக்குன்னு இருந்தது நீ ஒருத்திதான்” என்றாள். ‘நீ’ திரும்பி வந்தது. “நீ என்ன, எனக்கு நேர்ல இருந்த ஆளா மகாராணி? போன்ல இருந்த ஆளு. அங்கதானே நீ வந்திருக்கணும்?”

என் அம்மா, ராஜாராம் மாமா, குப்பைக்குழி, சாத்தின கதவு எல்லாவற்றையும் இவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னாலும் எதற்கு ஆகும்?

“அம்மா போனதும் முதல்ல உனக்குத்தான் போட்டேன். அண்ணனுக்குக்கூட அப்புறம்தான். அந்த ரெண்டு டிக் நீலமாகுறதையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். ஆயிடும். அப்புறம் ஒண்ணும் வராது. அந்த ரிப் போட்டவங்க பேரெல்லாம் எடுத்து எடுத்துப் படிச்சேன். அதுலயும் உன் பேர் இல்லை.”

“படிப்ப விட்றாத கார்த்திகா. பரிச்சைக்கு இன்னும் ஒன்றரை மாசம் கெடக்கு” என்றேன்.

“விட்டாச்சு. நாளைக்கு வீட்டைக் காலி பண்றேன். அண்ணன் ஓசூர்ல ஏதோ கம்பெனியில சேத்து விடுறேங்கிறான்.” மூலையைக் காட்டினாள். எங்கள் புத்தகங்களைப் பழைய பேப்பரோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தாள். “வாட்ஸப்பையும் போன்ல இருந்து எடுத்துட்டேன். வச்சிருந்தா கை தானா உன் பேரைத் தேடுது.”

நான் எழுந்துபோய் அந்தக் கட்டை அவிழ்த்தேன். மூன்றாம் பாடத்தில் ஒரு பக்கத்தின் ஓரம் மடிந்திருந்தது. நான் படித்து நிறுத்தின இடம். “இப்பப் படிக்கட்டாடி? உக்காரு, முழுசும் படிக்கிறேன்” என்று கெஞ்சினேன். அவள் சொல்வதற்கு முன்பே நாலு வரி படித்தும் விட்டேன்.

“வேணாம்” என்றாள். “உன்னைப் பாத்துட்டேன்ல, இப்ப இது வேற யாரோ குரல் மாதிரி இருக்கு.”

புத்தகத்தை மூடிப் பழையபடி கட்டி வைத்தேன். முடிச்சுப் போட எனக்குக் கை வரவில்லை, அவள்தான் வாங்கிப் போட்டாள். பாறைக்கும் காட்பாடிக்கும் நடுவில் அவ்வளவு பேசினவர்களுக்கு ஒரே அறையில் பேச்சு வரவில்லை. எனக்குச் செத்துப்போகலாம் போல் இருந்தது.

கேத வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘வர்றேன்’ என்று சொல்லக் கூடாது. சொன்னால் இன்னொரு கேதத்துக்கு வருவதாக ஆகிவிடும். பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். நான் எழுந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். பின்னாலேயே கார்த்திகா வந்தாள்.

“வர்றேன்னு சொல்லிட்டுப் போ” என்றாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். “கேத வீட்ல அது சொல்லக் கூடாதுடி.”

“தெரியும். எங்க ஊர்லயும் சொல்ல மாட்டாங்க. வந்தவங்க ஒருத்தர்கூடச் சொல்லலை. எல்லாரும் பேசாம எந்திரிச்சு எந்திரிச்சுப் போயிட்டாங்க. நீயாவது சொல்லிட்டுப் போ மகாராணி.”

முதல் தடவையாக அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் வாயைத் திறந்தேன். அந்த வீட்டில் மிச்சம் இருப்பது இவள் ஒருத்திதான். நான் சொல்லி, அது பலித்து, இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சொல்லாமல் விட்டுத்தான் இவளை இந்தக் கதிக்கு ஆளாக்கினேன் என்று நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் நாக்கு எழவில்லை. இருபத்தொன்பது வயதுக்குள் எத்தனையோ கேத வீட்டுக்குப் போய்விட்டு வந்த நாக்கு அது. அவள் கன்னத்தைத் தொட்டேன். திரும்பி நடந்தேன். சந்து முனை வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் கேட்டில் கொண்டி விழுகிற சத்தம் கேட்டது.

அடுத்த சனிக்கிழமை பாறையில் ஏறி உட்கார்ந்தேன். திரையில் நாற்பத்திரண்டு வட்டம். ஐயா பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். “கார்த்திகா” என்றார், பதில் வரவில்லை. பதில் வராதது அவருக்குப் புதிதில்லை, அடுத்த பெயருக்குப் போய்விட்டார். வகுப்பு முடிந்ததும் நான் என் புத்தகத்தில் மூன்றாம் பாடத்தை எடுத்து, அவள் ஓரம் மடித்திருந்த இடத்திலிருந்து கடைசி வரிவரைக்கும் படித்து அவளுக்கு அனுப்பினேன். ஒற்றை டிக் விழுந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வாட்ஸப்பையே போனிலிருந்து எடுத்துவிட்டேன் என்று அவள் சொன்னது எனக்கு மறக்கவில்லை.

கீழே ஜீப்பை நிறுத்திக்கொண்டு சுருளிவேல் சத்தம் போட்டார். “ஏ புள்ள, மழை வருது. லோடு ஏத்தணும், வெரசா எறங்கு.”

“இந்தா வர்றேன்” என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்தச் சொல். பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் மறுபடியும் கூப்பிட்டார்.